தொப்பிக்காரத் துரையும் ஓதிய பீங்கானும்

கட்டுகஸ்தோட்டைக்கும் அக்குறணைக்கும் இடையில் இருந்த எங்கள் உம்மும்மாவின் வீட்டு முன்னறையில் கண்ணாடி பதித்த அலுமாரி ஒன்று இருந்தது. மேல்தட்டில் குர்ஆன் பிரதிகளும் மவ்லிதுக் கிதாபுகளும். நடுத்தட்டில் கலியாணத்துக்கும் கந்தூரிக்கும் மட்டும் வெளியே எடுக்கும் பீங்கான்கள். கீழ்த்தட்டில், பழைய சீத்தைத் துண்டொன்றில் சுற்றி, ஒரு சாண் உயரமான வெள்ளைப் பொம்மை. மூன்று முனைத் தொப்பி, முழங்கால் வரை நீண்ட கோட்டு, கையில் முனை உடைந்த தடி. பிள்ளைகளாகிய நாங்கள் அதற்குத் 'தொப்பிக்காரத் துரை' என்று பெயர் வைத்திருந்தோம்.

"அத வெளிய எடுக்காதீங்க. உருவம் ஈக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வாரல்ல" என்பார் உம்மும்மா. அப்படியானால் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "ஒங்கட அப்பா கொண்டு வந்த சாமான். வீசவும் மனமில்ல, வெளிய வெக்கவும் ஏலா" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டுவார்.

பல வருடங்களின் பின், பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைப் பற்றி எழுதிவரச் சொன்னேன். ஒரு மாணவி தன் மாமியின் வீட்டில் கைத்தொலைபேசியில் எடுத்த படமொன்றைக் கொண்டுவந்தாள். துரையின் கூடப்பிறந்தவர் போல ஒரு பொம்மை. "சேர், இது சீனாவில செஞ்சதா, வெள்ளக்காரன் செஞ்சதா?" என்று கேட்டாள். மூஞ்சி ஒரு பக்கமாகப் பார்த்தால் சீனாக்காரன் மாதிரியும், உடுப்பைப் பார்த்தால் ஒல்லாந்தன் மாதிரியும் இருக்கிறதாம். எனக்கு விடை தெரியவில்லை. அன்று தொடங்கித் தேடியதன் சுருக்கமே இக்கட்டுரை. தேடப் போனது பொம்மையை. கண்டு கொண்டது நமது சமூகத்தின் கதையில் ஒரு பக்கத்தையும் சேர்த்து.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

தமிழ் படிப்பிப்பவன் ஆகையால் எனக்குச் சொல்தான் முதல் வாசல். 'பீங்கான்' தமிழ்ச் சொல் அன்று. கிண்ணம் என்று பொருள்படும் 'பின்கான்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது என்பது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தரும் விளக்கம். பொருள் சீனத்தில் பிறந்தது, பெயர் பாரசீகத்தில் பிறந்தது, புழங்குவது தமிழில். இந்த மூன்றையும் இணைத்தவர்கள் யார் என்று கேட்டால், இந்து சமுத்திரத்தில் மரக்கலம் ஓட்டிய முஸ்லிம் வணிகர்கள் என்பதே விடை. நாம் ஆறு பேர் கூடியிருந்து சாப்பிடும் 'சஹன்' என்ற சொல்லும் தட்டு என்று பொருள்படும் அரபுச் சொல்தான். ஆக, நமது சாப்பாட்டு விரிப்பில் இருக்கும் இரண்டு பெயர்களும் கப்பலில் வந்தவை.

முதலில் மாதிரி கொடுத்தவர்கள்

பிறநாட்டார் கேட்ட வடிவத்தில் சீனர் பீங்கான் செய்து கொடுத்தார்கள் என்றவுடன் எல்லோரும் ஐரோப்பியரையே நினைப்பர். அவர்களுக்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே இதைத் தொடங்கி வைத்தவர்கள் முஸ்லிம் வாடிக்கையாளர்கள்.

இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே 1998இல் ஒரு மூழ்கிய கப்பல் கண்டெடுக்கப்பட்டது. அரபு நாட்டு முறையில், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல் அது. அதில் சுமார் 60,000 சீன மட்பாண்டங்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்குச் சமமான சீன ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. அப்பாசியக் கலீபாக்களின் காலம். சில கிண்ணங்களில் அரபு எழுத்தைப் பார்த்து வரைந்தது போன்ற கோலங்களும் உண்டு. வாசிக்கத் தெரியாத குயவர் ஒருவர் வாங்குபவரின் விருப்பத்துக்காக வரைந்தவை அவை.

இன்று 'சீனப் பீங்கான்' என்றவுடன் நம் கண்ணில் வருவது வெள்ளையில் நீலச் சித்திரம். அந்த நீலமும் முழுவதும் சீனத்தது அன்று. 14ஆம் நூற்றாண்டில் ஜிங்தெசென் நகரத்துக் குயவர்கள் பாவித்த கோபால்ட்டுத் தாது ஈரானிலிருந்து போனது. பிற்காலச் சீனர் அந்த வகை நீலத்துக்கு 'முஸ்லிம் நீலம்' என்று பொருள்படும் பெயரையே வைத்தனர். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங் அரசர் காலத்துச் சூளைகளில் செய்த கெண்டிகள், மெழுகுவர்த்தித் தாங்கிகள், கைபிடி வைத்த குவளைகள் பல, எகிப்திலும் சிரியாவிலும் ஈரானிலும் பித்தளையில் அடித்த பாத்திரங்களின் அச்சொட்டான பிரதிகள். பித்தளையில் இருந்த விளிம்பு மடிப்பும் மூலையும் கூட மண்ணில் வந்திருக்கின்றன. கொடுத்த மாதிரியைப் பார்த்துச் செய்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

செங்தே என்ற மிங் பேரரசரின் ஆட்சியில் (1505–1521) அரபு, பாரசீக எழுத்துகள் பொறித்த பீங்கான் எழுதுபொருள் தாங்கிகளும் சாம்பிராணிப் பெட்டிகளும் செய்யப்பட்டன. அரண்மனையில் பணிபுரிந்த முஸ்லிம் அதிகாரிகள் இவற்றைப் பாவித்திருக்கலாம் என்பது அறிஞர் சிலரின் கருத்து. ஈரானின் ஷா அப்பாஸ் 1611இல் அர்தபீல் நகர ஸியாரத்துக்கு 1,162 சீனப் பீங்கான்களை வக்பாகக் கொடுத்தார். இஸ்தான்பூலின் தொப்காப்பி அரண்மனையில் இன்றும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சீனப் பாத்திரங்கள் உள்ளன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முஸ்லிம் சந்தைக்குச் சென்றவற்றில் பெரும்பாலும் பூவும் கொடியும் எழுத்தும் பாத்திர வடிவமுமே இருந்தன. மனித உருவச் சிலையை நம்மவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வந்தது வேறொரு திசையிலிருந்து.

இலங்கைத் துறைகள்

அதற்கு முன் நமது தீவைப் பார்ப்போம். மன்னாருக்கு அருகே மாந்தையில் 1980களில் நடந்த அகழ்வாராய்ச்சியில் சீன மட்பாண்டமும் மேற்காசிய முஸ்லிம் நாடுகளின் பச்சை, நீல மெருகு பூசிய மட்பாண்டமும் சேர்ந்தே கிடைத்தன. அதை நடத்திய ஜோன் காஸ்வெல், அதற்குச் சில வருடங்கள் முன்பு யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் சொங் காலத்துச் சீனப் பாண்டங்களை ஆராய்ந்தவர். 13ஆம் நூற்றாண்டில் தலைநகராயிருந்த யாப்பகுவையிலும் சீன நாணயங்களும் பச்சை மெருகுப் பாண்டங்களும் கிடைத்துள்ளன. துறைமுகத்தோடு நின்றுவிடாமல் உள்நாட்டு அரண்மனை வரை சாமான் போயிருக்கிறது.

காலியில் 1911இல் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்த கல்வெட்டு இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில், 1409ஆம் ஆண்டுக்குரியதாக எழுதப்பட்டது. நிறுத்தியவர் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே. யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாராகிய தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் உரிய காணிக்கைகளைச் சொல்கின்றன. அன்றைய இலங்கைத் துறைமுகத்தில் யார் யார் வாழ்ந்தார்கள், எந்த மொழியில் யாரோடு பேச வேண்டியிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அந்தக் கல்லை வைத்திருக்கும் நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டியவரும் நம்மவரே: அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். 1877இல் அது திறக்கப்பட்டது.

ஒல்லாந்தர் அனுப்பிய மர மாதிரிகள்

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் சீனக் கரையை அடைந்தனர். ஒல்லாந்தர் 1603இல் 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துக்கேயக் கப்பலை இன்றைய சிங்கப்பூருக்கு அருகே பிடித்து, அதிலிருந்த பீங்கான்களை அம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டனர். ஐரோப்பா பீங்கான் பித்துப் பிடித்து நின்றது. மண்ணைக் கண்ணாடி போல ஒளி ஊடுருவும்படி சுடும் வித்தை அப்போது அங்கே எவருக்கும் தெரியாது.

ஆனால் சீனக் கிண்ணம் ஐரோப்பியச் சாப்பாட்டு மேசைக்குச் சரிவரவில்லை. அவர்களுக்கு அகன்ற விளிம்புள்ள தட்டு வேண்டும். பியர் குடிக்கக் கைபிடிக் குவளை, உப்புக் கிண்ணம், கடுகுப் பாத்திரம் வேண்டும். சொல்லி விளங்கப்படுத்த மொழி இல்லை. 1635இல் தாய்வானில் இருந்த ஒல்லாந்தக் கம்பனி அதிகாரிகள் ஓர் உபாயம் செய்தனர். வேண்டிய பாத்திரங்களை மரத்தில் கடைந்து, மேலே சீனச் சித்திரமும் தீட்டி, சீன வணிகரிடம் மாதிரியாகக் கொடுத்தனர். அதன்பின் தகரக்கலவைப் பாத்திரம், வெள்ளிப் பாத்திரம், டெல்ப்ட் நகரத்து மட்பாண்டம், அச்சிட்ட படம் என்று பலவும் மாதிரியாகப் போயின. 1734இல் கம்பனி கோர்னெலிஸ் புரொங் என்ற ஓவியரைக் கூலிக்கு அமர்த்திச் சித்திரம் வரைவித்து அனுப்பியது. அவரது குடை பிடித்த பெண்ணின் சித்திரம் புகழ்பெற்றது. செலவு கட்டுபடியாகாமல் சில வருடங்களில் கம்பனி அதைக் கைவிட்டது.

குயவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ஜிங்தெசென்னில் வாழ்ந்த தந்திரக்கோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1712இலும் 1722இலும் எழுதிய கடிதங்களில் இது வருகிறது. ஒரு பாத்திரம் முடிவதற்குள் எழுபது பேரின் கைகளுக்குள் போய் வருகிறது என்கிறார். ஐரோப்பிய வணிகர் கேட்கும் வடிவங்கள் செய்யக் கடினமானவை. சிறு குறை இருந்தாலும் வணிகர் வேண்டாம் என்று தள்ளிவிடுவர். தள்ளியதை உள்நாட்டில் விற்கவும் முடியாது, சீனருக்கு அந்த உருவம் பிடிக்காது. எனவே நல்லதாக வந்த சாமானின் விலையில் கெட்டுப்போனதன் நட்டத்தையும் சேர்க்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டு ஓடர் எடுத்து உடுப்புத் தைக்கும் நமது தொழிற்சாலைக்காரர் இதை வாசித்தால், 'எங்கட கதையும் இதுதானே' என்பர்.

துரைமார் மண்ணில் பிறந்த விதம்

இனிப் பொம்மைக்கு வருவோம். ஐரோப்பிய உருவங்களைச் செய்த இடங்களில் முக்கியமானது பூஜியன் மாகாணத்துத் தெஹுவா. அங்குள்ள களிமண்ணில் இரும்புச் சத்து மிகக் குறைவு. அதனால் சுட்டதும் பாலாடை போன்ற வெண்மை வரும். தெஹுவாக் குயவர்கள் நெடுங்காலமாகக் குவான்யின் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் உருவங்களைச் செய்து வந்தவர்கள். குழந்தையை ஏந்திய குவான்யின் உருவத்தைக் கண்ட ஐரோப்பியருக்கு மர்யமும் ஈஸாவும் ஞாபகத்துக்கு வந்தனர். வாங்கினார்கள். பிறகு தங்கள் உருவங்களையே செய்து தரக் கேட்டார்கள்.

செய்முறை இதுதான். முதலில் மூல உருவம் ஒன்றைச் செய்து, அதிலிருந்து முன்பாதிக்கும் பின்பாதிக்குமாக இரண்டு அச்சுகள் எடுப்பர். ஒவ்வோர் அச்சிலும் ஈரக் களிமண்ணை விரலால் அழுத்துவர். காய்ந்து இறுகத் தொடங்கியதும் இரண்டையும் குழம்புக் களியால் ஒட்டுவர். தலை, கை, தொப்பி போன்றவை தனித்தனியே செய்து பொருத்தப்படும். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து வெடிக்காதிருக்கச் சிறு துளை விடப்படும். சுமார் 1,300 பாகைச் சூட்டில் சுட்டெடுக்கும்போது உருவம் சுருங்கும். நீட்டிய கை வளைந்து போகும். நிறம் தீட்ட வேண்டுமானால், தீட்டியபின் குறைந்த சூட்டில் மறுமுறை சுட வேண்டும்.

தெஹுவாவின் ஐரோப்பிய உருவங்களில் பிரபலமானது ஓர் ஒல்லாந்தக் குடும்பம்: தொப்பி அணிந்த கணவன், மனைவி, பிள்ளைகள், நடுவில் சிறு மேசை. சேகரிப்போர் இதற்குக் 'கவர்னர் டஃப்' என்று பெயரிட்டனர். 1729 முதல் 1732 வரை பத்தாவியாவில் ஒல்லாந்த ஆளுநர் நாயகமாயிருந்த டீட்ரிக் டூர்வனின் பெயர் திரிந்து அப்படி ஆனதாம். இலங்கைக் கரையோரமும் அந்தப் பத்தாவியாவின் ஆணைக்குள்தான் இருந்தது. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'ஒல்லாந்தக் குடும்பம்' என்ற பெயரில் இவை இங்கிலாந்துக்குப் போய்விட்டன. ஆளுநர் பின்னால் வந்தவர். பெயர் மட்டும் அவர் தலையில் ஏறிக்கொண்டது.

இன்னொன்று 1740ஆம் ஆண்டளவில் செய்த, வண்ணம் தீட்டிய பெரிய பெண் உருவம். இதன் மூலம் 1703இல் ஜேர்மனியின் நூரன்பேர்க்கில் அச்சான, உலக மக்களின் உடைகளைக் காட்டும் நூலொன்றில் காஸ்பர் லாய்க்கன் வரைந்த பிராங்க்பேர்ட் யூதப் பெண்ணின் படம். காகிதத்திலிருந்த படம் சீனம் வரை போய் மண்ணுருவமாகித் திரும்பியிருக்கிறது. அச்சுப் படத்தில் முன்பக்கம் மட்டுமே தெரியும். முதுகு எப்படி இருக்கும் என்பதைக் குயவர்தான் நினைத்துச் செய்ய வேண்டும். உடுப்பு மேற்கின் உடுப்பு, ஆனால் கண்ணும் கன்னமும் சீனத்துச் சாயல். எனது மாணவி கண்ட முரண் இதுவேதான். கேள்வியை அவள் சரியாகக் கேட்டிருக்கிறாள்.

1708ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் பொட்கர் என்பவர் உண்மைப் பீங்கானின் இரகசியத்தைக் கண்டுபிடித்தார். 1710இல் மைசன் தொழிற்சாலை தொடங்கியது. முதலில் மைசன் சீனத்தைப் பார்த்துச் செய்தது. சில பத்தாண்டுகளில் மைசனின் சிற்பி கென்ட்லர் செய்த உருவங்களைச் சீனர் பார்த்துச் செய்தனர். யார் குரு, யார் சீடர் என்று சொல்ல முடியாத நிலை.

இத்தகைய உருவங்கள் பெரும்பாலும் கம்பனியின் கணக்கில் வந்தவை அல்ல. கப்பல் அதிகாரிகளும் மாலுமிகளும் தங்கள் சொந்தப் பெட்டியில் கொண்டுவர அனுமதிக்கப்பட்ட இடத்துக்குள் வந்தவை. அதனால் எண்ணிக்கையும் குறைவு, எழுத்தில் தடயமும் குறைவு.

கோட்டேயில் நடந்த அதே வேலை

மேற்கத்திய மாதிரியைப் பார்த்து உருவம் செய்யும் கதை சீனத்துக்கு மட்டும் உரியதன்று. 16ஆம் நூற்றாண்டில் கோட்டே அரசின் தந்தச் சிற்பிகளும் அதையே செய்தனர். லண்டன் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையில் 'ரொபின்சன் பேழை' என்றொரு தந்தப் பெட்டி இருக்கிறது. அதில் தோற்பைக் குழல் ஊதும் ஒருவன் செதுக்கப்பட்டுள்ளான். ஜேர்மன் ஓவியர் டூரர் 1514இல் அச்சிட்ட படத்திலிருந்து எடுத்தது. சுற்றிலும் இருப்பது நமது நாட்டுக் கொடிக் கோலம். இதுபோன்ற பேழைகள் கோட்டே அரசர் போர்த்துக்கல் மன்னருக்கு அனுப்பிய அன்பளிப்புகளுடன் தொடர்புடையவை.

மலைநாட்டுக்கு ஏறிய பாதை

கண்டி இராச்சியத்துக்குக் கடற்கரை இல்லாமற் போனாலும் கடல் சாமான் இல்லாமற் போகவில்லை. ஒல்லாந்தத் தூதுக் குழுக்கள் அன்பளிப்புகளோடு மலையேறின. இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு ஆளுநர் தோமஸ் வான் ரே 1693இல் கொடுத்ததாகச் சொல்லப்படும் சிம்மாசனம் அவற்றுள் பெரியது. 1815இல் பிரித்தானியர் கையில் சிக்கி, 1934இல் திரும்பி வந்து, இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது.

அரண்மனைக்கு வெளியே சாதாரண வீடுகளுக்குச் சாமான் போனது தவளம் வழியாக. உப்பும் கருவாடும் துணியும் ஏறும். பாக்கும் மிளகும் இறங்கும். பொதிமாடு ஓட்டியவர்களில் பெரும் பங்கினர் முஸ்லிம்கள். போர்த்துக்கேயர் 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றக் கட்டளையிட்டபோது, செனரத் மன்னன் இடம் கொடுத்துக் குடியேற்றியது நாம் பள்ளியில் படித்த வரலாறு. காலியிலும் கொழும்பிலும் உறவினர், மலையில் வீடு, நடுவில் பொதிமாட்டுப் பாதை. ஒரு பீங்கான் அக்குறணை அலுமாரிக்கு வந்து சேர இந்த மூன்றும் போதும்.

வந்த பீங்கானுக்கு இங்கே நாம் ஒரு வேலையும் கொடுத்தோம். நோய் வந்தாலும் பிள்ளைப்பேறு நெருங்கினாலும் லெப்பை வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூ மையால் ஆயத்து எழுதிக் கொடுப்பார். தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடிப்பார்கள். இதன் ஹுக்மு பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பேசுவது பாத்திரத்தைப் பற்றி. தென்சீனச் சூளைகள் தென்கிழக்காசிய முஸ்லிம்களுக்கென்றே அரபு வாசகம் எழுதிய பெரிய தட்டுகளை 16, 17ஆம் நூற்றாண்டுகளில் செய்து அனுப்பின. அங்கே எழுத்து சூளையில் சுடப்பட்டு நிலைத்தது. இங்கே குங்குமப்பூவில் எழுதிக் கரைந்தது.

எப்படி அறிவது?

மாணவி கேட்ட கேள்விக்கு நடைமுறை விடை சொல்ல வேண்டும். நிபுணர் பார்க்க வேண்டியதை நிபுணர் பார்க்கட்டும். வீட்டில் நாம் பார்க்கக்கூடியவை சில உண்டு.

முதலில் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மேற்கத்திய எழுத்தில் நாட்டின் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அந்த வருடம் முதல் தனது நாட்டுக்குள் வரும் சாமானில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டுமென அமெரிக்கா சட்டம் போட்டது. உற்பத்தியாளர் பலரும் அதைப் பின்பற்றினர்.

இரண்டாவது, பாதவளையம். பழைய சீனத் தட்டில் அது பெரும்பாலும் மெருகில்லாமல், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். சாதாரணச் சாமானில் சூளைத் தரையின் மணலும் ஒட்டியிருக்கும். மூன்றாவது, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உண்மைப் பீங்கானின் மெல்லிய பகுதியில் விரலின் நிழல் தெரியும். சாதாரண வெள்ளை மட்பாண்டத்தில் தெரியாது. நான்காவது, சித்திரத்தின் கோடுகள். கையால் தீட்டியதில் நீலம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். அச்சுத்தாளால் ஒற்றியதில் சிறு புள்ளிகளும் தாள் சந்திக்கும் பொருத்தும் தெரியும். நமது வீடுகளில் 'சீனத்துப் பீங்கான்' என்று சொல்லப்படுபவற்றில் பல, இங்கிலாந்திலும் ஒல்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரிலும் 19ஆம் நூற்றாண்டில் இப்படி ஒற்றிச் செய்தவை. அவையும் நூறு வருடத்துக்கு மேற்பட்டவைதான். தாழ்வாக நினைக்க வேண்டாம்.

பொம்மையானால் உள்ளே பாருங்கள். விரல் அழுத்திய தடமும் பக்கவாட்டில் இரு பாதிகள் ஒட்டிய கோடும் இருந்தால் கையால் அச்சில் அழுத்தியது. உள்புறம் வழவழப்பாக ஒரே தடிப்பில் இருந்தால் குழம்புக் களியை அச்சில் வார்த்தது. அது பெரும்பாலும் பிற்காலத் தொழிற்சாலை வேலை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இந்த அடையாளங்கள் எல்லாவற்றையும் போலியாகச் செய்யவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

துரை யார்?

இவ்வளவும் படித்த பின் ஒரு விடுமுறையில் மாமியின் வீட்டுக்குப் போய்த் துரையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் தேய்ந்துபோன நீல எழுத்து: ஜேர்மனி. உள்ளே வழவழப்பு. நாங்கள் மலக்குகளுக்கும் பயந்து, அப்பாவின் ஞாபகத்துக்கும் பயந்து சீத்தையில் சுற்றி வைத்திருந்தது, கடையில் வரிசை வரிசையாக விற்ற சாமான். சிரிப்பு வந்தது.

அப்போது மாமி கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கிணற்றடிப் பக்கம் போனார். தண்ணீர் வைத்த தட்டைக் கண்டேன். விளிம்பில் வெடிப்பு, சாம்பல் கலந்த வெள்ளை, நடுவில் மங்கிய நீலப்பூ. கழுவித் திருப்பினேன். மெருகில்லாத பாதவளையம், அதில் ஒட்டிய மணல்.

"இது எங்கால மாமி?"

"அது உம்மாட ஓதுற பீங்கான் மகன். பன்னெண்டு ஈந்த. பழய சாமான் வாங்குறவன் ஒருத்தன் வந்து ரெண்டு பிளாஸ்டிக் பேசன் தந்துட்டு எடுத்துட்டுப் பெய்த்தான். இது வெடிச்சது எண்டு வாணாம் எண்டுட்டான்."

பழம்பொருளில் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். தென்சீனச் சூளை, கப்பலில் கட்டுக்கட்டாக வந்த சாதாரண வீட்டுச் சாமான், நூற்றைம்பது வருடத்துக்குக் குறையாது என்றார். சந்தையில் இதற்குப் பெரிய விலை இல்லை என்றும் சொன்னார். எனக்கு விலை பெரிதாகப் படவில்லை. பன்னிரண்டும் ஒன்றாக இருந்திருந்தால், ஒரு மலைநாட்டு முஸ்லிம் வீட்டுக்கு ஒரே தடவையில் வந்த சீனப் பீங்கான் தொகுதி என்று காட்டியிருக்கலாம். யார் கொண்டு வந்தார், எந்தத் துறையில் வாங்கினார் என்று உம்மும்மாவிடம் கேட்டிருக்கலாம். அவர் மெளத்தாகிப் பதினெட்டு வருடம். பீங்கான் போனது, சொல்லக்கூடிய வாயும் போனது.

கலியாண வீடுகளில் இன்று சஹனும் மெலமைன் ஆகிவிட்டது. அதைக் குறை சொல்லவில்லை. உடையாது, கழுவுவது சுலபம். ஆனால் நமது சமூகம் இந்த நாட்டில் எவ்வளவு காலமாக வாழ்கிறது என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படும் காலம் இது. கல்வெட்டையும் ஒல்லாந்தர் கடிதத்தையும் காட்டுகிறோம். நம் சமையலறையில் இருக்கும் சாட்சியைப் பேசனுக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறோம்.

செய்யக்கூடியது பெரிய வேலையன்று. வீட்டிலுள்ள பழைய பீங்கானை முன்னும் பின்னும் படம் எடுங்கள். யாருடையது, எங்கிருந்து வந்தது, எதற்குப் பாவித்தது என்பதை மூத்தவர்களிடம் கேட்டுப் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்க அமிலம் போடாதீர்கள். விற்கத்தான் வேண்டுமென்றால், வாசலுக்கு வருபவரிடம் கொடுக்குமுன் நூதனசாலையில் ஒருமுறை காட்டுங்கள். தொல்பொருள்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இடம் தராது. அந்தச் சட்டம் முதலில் எழுதப்பட்டபோது தொல்பொருளுக்கு வைத்த காலக்கோடு 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் முடிந்த நாள்.

மாத்தளைப் பக்கம் போனால் நொரிட்டாக்கே தொழிற்சாலை இருக்கிறது. அங்கே நமது பிள்ளைகள் ஜப்பானியப் பெயரில், மேற்கத்தியர் சாப்பாட்டு மேசைக்குப் பீங்கான் செய்கிறார்கள். முந்நூறு வருடத்துக்கு முன் ஜிங்தெசென்னிலும் தெஹுவாவிலும் நடந்தது இன்று நம் மலையில் நடக்கிறது. அங்கே வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவனிடம் தந்திரக்கோல் பாதிரியாரின் கதையைச் சொன்னேன். "குற கண்டா இப்பவும் ரிஜெக்ட்தான் சேர்" என்றான்.

மாணவியின் மாமி வீட்டுப் பொம்மையை இன்னும் எவரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை. படத்தில் பக்கவாட்டில் ஓர் ஒட்டுக்கோடு தெரிகிறது. அடுத்த தவணை விடுமுறையில் உள்ளே விரல் தடம் இருக்கிறதா என்று பார்த்து எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வெடித்த பீங்கான் இப்போது என் புத்தக அலுமாரியில் இருக்கிறது. அதன் கீழே உம்மும்மாவின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். மாமிக்குக் கோழித் தண்ணீர் வைக்க ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தேன்.